படகுதான் கூரை!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள். மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற துறைமுக ஊரிலிருந்து கனடா எல்லையை நோக்கி வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். சுமார் 240 கிலோமீட்டர். வலது பக்கம் வழிநெடுகத் தண்ணீர். அலை அடிக்கிறது. கப்பல் போகிறது. எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை. 'ஆஹா, கடல்!' என்பீர்கள்.

கடல் இல்லை. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள், உப்பே இருக்காது. அது ஏரி! பெயர், சுப்பீரியர். பரப்பளவு 82,000 சதுர கிலோமீட்டர். நம் கேரளாவை இரண்டு முறை உள்ளே போட்டாலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். கரை முழுக்கக் கரடுமுரடான பாறை. சுமார் 110 கோடி வருடங்களுக்கு முன்னால் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி உருவானது.

கோடைக்காலத்தில் இந்தக் கரையோரம் கூடாரங்கள் முளைத்துவிடும். பக்கத்திலேயே ஆர்.வி.க்கள். அதாவது, கட்டில், அடுப்பு, கழிவறை சகிதம் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள். இடம் பிடிக்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறார்கள்.

'வீடு வாசலை விட்டுட்டு வெட்டவெளியில படுக்கவா காசு கொடுக்கறாங்க?' என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். அற்புதமான கேள்வி அது. இந்த ஏரிக்கரையின் மொத்தச் சரித்திரமும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

*

முதலில் இங்கே படுத்துத் தூங்கியவர்கள், பூர்வகுடிகள். பிறகு இந்தக் கரை ஒஜிப்வே மக்களின் பூமியாக இருந்தது. ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர் கிச்சிகாமி. பெரிய கடல் என்று அர்த்தம். (பாருங்கள், அவர்களுக்கும் கடல்தான்!)

வசந்தத்தில் மேப்பிள் மரத்துச் சாறெடுத்துச் சர்க்கரை காய்ச்சுவார்கள். கோடையில் மீன். இலையுதிர் காலத்தில் நீர்நிலைகளில் விளையும் காட்டரிசி அறுவடை. குளிர்காலத்தில் வேட்டை. ஆக, வருடத்துக்கு நாலு முகவரி. வீடு? வளைத்துக் கட்டிய கம்புகள் மேல் பிர்ச் மரப்பட்டையைப் போர்த்தினால் வீடு தயார். கிளம்பும்போது கம்புகளை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டையைப் பாய் மாதிரி சுருட்டிப் படகில் வைத்துக்கொள்வார்கள். முதல் ஆர்.வி. எது என்று யாராவது கேட்டால், தாராளமாக இதைச் சொல்லலாம்.

அடுத்து வந்தவர்கள் வெள்ளைக்கார வியாபாரிகள். ஐரோப்பாவில் அப்போது பீவர் என்ற பிராணியின் ரோமத்தில் செய்த தொப்பிக்கு ஏக கிராக்கி. பீவர் கிடைப்பதோ கனடாவின் உள்காடுகளில். 1784 முதல் நார்த் வெஸ்ட் கம்பெனி இந்த ஏரிக்கரையில் கிராண்ட் போர்ட்டேஜ் என்ற இடத்தைத் தலைமைக் கிடங்காக்கி வியாபாரத்தைப் பெருக்கியது.

மாண்ட்ரியலிலிருந்து சுமார் பதினோரு மீட்டர் நீளப் படகுகளில் சாமான் வரும். துடுப்புப் போட்டு வருகிறவர்களுக்கு வோயஜர் என்று பெயர். பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். மே மாதம் கிளம்பினால் ஜூலையில்தான் வந்து சேர்வார்கள். சாப்பாடு, பட்டாணியோ சோளமோ போட்டுப் பன்றிக் கொழுப்பு கலந்த கஞ்சி. அதனாலேயே அவர்களுக்குப் 'பன்றிக் கொழுப்புத் தின்னிகள்' என்று ஒரு பட்டப்பெயர் வேறு!

கிராண்ட் போர்ட்டேஜுக்கு மேலே ஆறு அருவிகளாக விழுகிறது. படகு போகாது. எனவே, மூட்டைகளைத் தோளில் சுமந்து 13.7 கிலோமீட்டர் காட்டு வழியில் ஏறவேண்டும். ஒரு மூட்டை 41 கிலோ. ஒரு நடைக்கு வழக்கமாக இரண்டு மூட்டை. இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 82 கிலோ! இந்தத் தொழிலில் குடல் இறங்கிச் செத்தவர்கள் உண்டு.

ஜூலையில் அங்கே திருவிழா மாதிரி கூட்டம் கூடும். மரவேலிக்கு உள்ளே பெரிய மாளிகை. கம்பெனி முதலாளிகளுக்கு அங்கே விருந்து, மது, ஆட்டம் பாட்டம். சுமை தூக்கிய வோயஜருக்கு? வேலிக்கு வெளியே. உள்காட்டில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவர்களுக்காவது கூடாரம் உண்டு. மாண்ட்ரியல்காரர்கள் படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியில் தூங்கினார்கள்.

ஏரிக்கரையில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்கியவர்கள்தான். ஆனால், யாரும் ஆசைப்பட்டுத் தூங்கவில்லை.

*

எல்லை அமெரிக்கா பக்கம் போனதும், 1803-ல் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் பகுதிக்குப் போய்விட்டது. 1854-ல் அமெரிக்க அரசு ஒஜிப்வேக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. செம்பு கிடைக்கும் என்று ஆசை. மின்னசோட்டா பக்கத்துக் கரை முழுவதும் கைமாறியது. ஒஜிப்வேக்களுக்குக் கிராண்ட் போர்ட்டேஜைச் சுற்றிக் கொஞ்சம் நிலம். விட்டுக்கொடுத்த இடங்களில் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் அவர்கள் விடவில்லை.

பிறகு மரம் வெட்டுகிறவர்கள், இரும்புத்தாது ஏற்றுகிறவர்கள், நார்வேயிலிருந்து வந்த மீனவர்கள். 1905 நவம்பர் புயலில் ஏரியில் சுமார் முப்பது கப்பல்கள் உடைந்தும் சேதமாகியும் போக, ஸ்பிளிட் ராக் என்ற செங்குத்துப் பாறை மேல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1910-ல் விளக்கு எரிந்தது. கட்டும்போது சாலையே கிடையாது. செங்கல், இரும்பு எல்லாம் படகிலிருந்து நீராவிப் பளுதூக்கி வைத்து மேலே ஏற்றியதுதான். 1924-ல்தான் சாலை வந்தது.

சாலைக்குப் பின்னாலேயே கார் வந்தது. காருக்குள் பட்டணத்துக் குடும்பங்கள். கையில் டப்பா உணவு, டிக்கியில் கூடாரம். கண்ட இடத்தில் நிறுத்தி, கண்ட இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். கார்ச் சக்கரம் ஏறி மண் இறுகி, வேர்கள் மூச்சுத் திணறி, முகாம் மரங்கள் சாகின்றன என்று தாவர நோய் நிபுணர் மைனெக்கே எச்சரித்தார். 1932-ல் அவரே வழியும் சொன்னார். ஒருவழிப் பாதையாக ஒரு வளையம். அதிலிருந்து கிளை பிரிந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் வண்டி நிறுத்த ஓர் இடம், ஒரு மேஜை, ஓர் அடுப்பு. இன்றைக்கு அமெரிக்காவில் நீங்கள் எந்த முகாமுக்குப் போனாலும் பார்க்கிற அமைப்பு அதுதான்.

யோசனை சரி. பாறையை உடைத்துக் கட்டுவது யார்?

அது பொருளாதார மந்தக் காலம். நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1933-ல் பதவிக்கு வந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு திட்டம் போட்டார். ஏழைக் குடும்பத்துப் பையன்களே, காட்டுக்கு வாருங்கள். மரம் நடுங்கள், பாதை போடுங்கள். சாப்பாடு, உடை, தங்க இடம் தருகிறோம். மாதம் 30 டாலர் சம்பளம்.

கணக்கைக் கவனியுங்கள். முப்பதில் பையன் கைக்கு ஐந்து. மீதி இருபத்தைந்து நேராக வீட்டுக்குப் போய்விடும். ஊரில் அம்மா அடுப்பு மூட்டவேண்டுமே! ஒன்பது வருடத்தில் நாடு முழுக்க சுமார் முப்பது லட்சம் பேர் இதில் சேர்ந்தார்கள்.

இந்தக் கரையில் கூஸ்பெரி அருவிக்கு 1934-ல் வந்த பையன்கள் 1941 வரை இருந்தார்கள். இத்தாலியக் கல்தச்சர்கள் சொல்லிக்கொடுக்க, பல நிறக் கருங்கற்களைச் செதுக்கிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். 300 அடி நீளத் தடுப்புச் சுவர் ஒன்று கோட்டை மாதிரி இன்றும் நிற்கிறது. பூங்காவின் ஆரம்பகால முகாம் திடலும் அவர்கள் போட்டதே. வீட்டில் சோறில்லாமல் முகாமில் படுத்தவர்கள், வீடு உள்ளவர்கள் வந்து படுக்க இடம் அமைத்தார்கள்.

அதே திட்டத்தில் பூர்வகுடிகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதில் சேர்ந்த ஒஜிப்வே ஆண்களுக்குக் கிராண்ட் போர்ட்டேஜில் ஒரு வேலை. என்ன தெரியுமா? அழிந்துபோன அந்தக் கம்பெனி மாளிகையையும் மரவேலியையும் பழையபடி எழுப்புவது! கட்டினார்கள். 1969-ல் மின்னல் தாக்கி மாளிகை எரிந்துபோக, மறுபடி கட்டப்பட்டது. அந்த இடம் இன்று தேசிய நினைவுச் சின்னம். நிலம், ஒஜிப்வேக்கள் கொடுத்தது.

இப்போது நீங்கள் 61-ம் சாலையில் கடைசிவரை போய்விட்டீர்கள். இருட்டுகிறது. வண்டியை எங்கே நிறுத்துவது? கவலை வேண்டாம். கிராண்ட் போர்ட்டேஜ் விரிகுடாவிலேயே ஆர்.வி. முகாம் இருக்கிறது. வோயஜர்கள் படகைக் கவிழ்த்துப் படுத்த அதே விரிகுடா. மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு.

முகாமை நடத்துகிறவர்கள் ஒஜிப்வே மக்கள். வாடகையை அவர்களிடம்தான் கட்டவேண்டும்.

பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். கொஞ்சம் பழைய பாக்கி அது!