காஞ்சித் தொகுதியும் அதன் எல்லைகளும்

2009ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நாள்களில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நாளிதழைக் கையில் ஏந்தியவராய் வந்தார். "ஹஜ்ரத், நாம் செங்கல்பட்டுத் தொகுதியார் அல்லவா? இதில் காஞ்சிபுரம் தொகுதி என்று போட்டிருக்கிறதே!" என்று வினவினார். "எல்லையை மாற்றிவிட்டார்கள்" என்று கூறி அனுப்பிவிட்டோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவ்விடை போதாதென்பது மட்டுமன்று, அது பாதி பிழையும் ஆகும் என்று கண்டோம்.

காஞ்சிபுரம் என்ற பெயரில் ஒரு தொகுதி 1952இலேயே இருந்தது. காமன்வீல் கட்சியின் அ. கிருஷ்ணசாமி அதில் வென்றார். 1957 முதல் அப்பெயர் மறைந்தது; 2004ஆம் ஆண்டுத் தேர்தல் வரை நம் ஊர் செங்கல்பட்டுத் தொகுதிக்குள் அடங்கியிருந்தது. பிறகு, நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான எல்லை வரையறை ஆணையம் 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு கோடுகளைத் திருத்தியது. 2008 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியாயிற்று. காஞ்சியின் பெயர் அரை நூற்றாண்டு கழித்து மீண்டது.

ஆயினும் புதிய தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளைப் பாருங்கள்: காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு, திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர். பழைய தொகுதியின் ஆறில் அச்சிறுபாக்கம் நீங்கிச் செய்யூர் புகுந்தது. உட்கோடுகள் சில நகர்ந்தன. மற்றபடி பெயர்களெல்லாம் பழையனவே. உண்மையான மாற்றம் கோட்டில் அன்று, தனித்தொகுதி என்னும் நிலையிலேயே நேர்ந்தது. 1967 முதல் அந்நிலை அண்டையிலுள்ள ஸ்ரீபெரும்புதூருக்கு உரியதாயிருந்தது. 2008இல் அம்பத்தூர், மதுரவாயல், பல்லாவரம் எனச் சென்னையின் புறநகர்ப் பகுதிகள் அங்குச் சேர்ந்தன. அது பொதுத் தொகுதியாயிற்று. ஏரிப்பாசனமும் நெல்வயலும் மிகுந்த நம் தொகுதி பட்டியல் இனத்தவர்க்கென ஒதுக்கப்பட்டது. அவர்களின் விகிதம் மிகுந்த பகுதிகளிலேயே, இயன்றவரை, இத்தகைய இடங்கள் அமைய வேண்டுமென்பது சட்டம். பட்டு நகரின் பெயரைத் தாங்கினாலும் இது பெரும்பாலும் சிற்றூர்களின் தொகுதியே.

இங்கே உத்திரமேரூரை நினையாதிருக்க இயலாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இக்காலச் சொல்லில் 30 வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவர்க்கு அதில் இடமில்லை. மேடைதோறும் நாம் இதைப் பெருமையோடு சொல்கிறோம், பெருமை தகும். ஆனால் அது அந்தணர் சபை. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது ஆகியவை வேண்டும். அந்நிலங்களில் சேற்றில் இறங்கி உழைத்தவரின் பெயர் எவ்வோலையிலும் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அக்கல்வெட்டு நிற்கும் அதே மண்ணில், வேட்பாளராய் நிற்கும் உரிமை அந்த உழைப்பாளரின் வழிவந்தோர்க்கென எழுதப்பட்டது. மேடைப் பேச்சாளர்கள் இப்பாதியையும் சேர்த்துச் சொன்னால் நன்று.

எல்லைக்கு அரபியில் 'ஹத்து' என்பர். நம் தாசில்தார் அலுவலகத்துச் சொற்கள் பலவும் அம்மொழியினின்று வந்தவையே. ஜில்லா என்பது 'ளில்உ' என்ற சொல். விலாவெலும்பு, பக்கம் என்று பொருள்படும். தாலுக்கா 'தஅல்லுக்' என்பதிலிருந்து வந்தது. தொடர்பு என்று பொருள். பிர்க்கா என்றால் பிரிவு. கோடு கிழிக்க வந்த அதிகாரிகள் தொடர்பு என்ற சொல்லையும் உடன் கொண்டு வந்தனர் என்பது சுவையான செய்தி. 1763இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இங்குள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகளையும் தொழில்களையும் குறித்தார். அவ்வெண்ணிக்கை வரிக்காக எடுத்தது. இக்காலத்து எண்ணிக்கை வாக்குக்காக எடுப்பது.

தொடர்பு என்ற அளவுகோலால் நோக்கினால் நம் தொகுதியின் கோடு விந்தையானது. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாகப் போற்றப்படும் கோவளமும், நவாபுகள் கட்டிய ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கும் கடப்பாக்கமும் நம் தொகுதி. அக்கடற்கரையார் காஞ்சிக்கு வர வேண்டிய தேவை அரிதாகவே நேரும். பாலாற்றைக் கடந்து சிறிது தொலைவிலுள்ள செய்யாறோ, பட்டுத் தறிகள் ஒலிக்கும் ஆரணியோ நம் தொகுதியன்று. அவை 2008இல் உருவான ஆரணித் தொகுதிக்குள் அடங்கின. தறியும் பாவும் ஒன்றாயிருக்க, வாக்கு வேறாயிற்று. நெசவாளர் குறையை எடுத்துரைக்க ஒரு குரலுக்கு இரு குரல் உண்டு எனலாம். இருவரும் மற்றவர் பொறுப்பென விட்டுவிடவும் கூடும்.

2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அன்று முதல் காஞ்சிபுரம் தொகுதியின் ஆறு பகுதிகளில் நான்கு செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன.

ஆணையம் கோடு கிழிக்குமுன் வரைவை வெளியிட்டு மக்களின் மறுப்பைக் கேட்பது வழக்கம். அன்றும் கேட்டது. பிறை பார்க்கும் செய்திக்கு இரவெல்லாம் காத்திருக்கும் நம் மஹல்லாக்களில் அவ்வரைவைப் படித்தவர் எத்தனை பேர்? நாமும் படிக்கவில்லை. மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிறுத்தி வைக்கப்பட்டது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை அது நீடிக்குமென 2001ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் கூறிற்று. அடுத்த வரைவு வரும்போது, முன்பு வினவிய அம்மாணவரையே அழைத்து, ஜுமுஆவுக்குப் பின் பள்ளி முற்றத்தில் அதை உரக்கப் படிக்கச் சொல்வதாக இருக்கிறோம்.