பாடிகாவல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட சாசனங்கள் அங்கேதான் இருக்கின்றன. உடன் வந்த நண்பர் குடவோலையைக் கூறும் வரிகளைத் தேடினார். எனக்கோ வேறோர் ஐயம் எழுந்தது. இந்த ஊரார் இரவில் யாரை நம்பிக் கண்ணயர்ந்தனர்? அவர்களைக் காத்தவனை யார் கேள்வி கேட்டனர்?

குடவோலையின் பெருமையை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதை மீண்டும் விரிக்கப்போவதில்லை. ஏரி வாரியத்திற்கு அறுவர் என்று அச்சாசனம் வகுத்திருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஏரியை நம்பிய ஊருக்குக் கரை உடைவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஏது? வயலும் வீடும் ஒருங்கே போய்விடும். ஆகவே அந்த அறுவரும் ஒருவகையில் ஊர்க்காவலரே ஆவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் அதில் இடம்பெற இயலாது. அவன் மட்டுமன்று, மாமன், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன் என்று உறவினர் வரிசை முழுவதும் விலக்கப்படுகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. இவ்வளவு கடுமையாக விதித்தவர்கள் அதற்கு முன்னர் எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒன்றை மறைக்கலாகாது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கு அங்கே குரல் இல்லை.

கள்வரிடமிருந்து ஊரைக் காக்கும் பணிக்குச் சோழர் காலத்துப் பெயர் பாடிகாவல். அதற்கென ஒரு வரியும் இருந்தது. கல்வெட்டுகளில் அப்பெயர் அடிக்கடி வருகிறது. பேரரசு தளர்ந்த பின்னர் அவ்வுரிமை சந்தைப் பொருளாயிற்று. புதுக்கோட்டைப் பகுதியின் பிற்காலக் கல்வெட்டுகளில், ஊரார் தாமே கூடித் தங்கள் பாடிகாவல் உரிமையை வலிமை மிக்க தலைவர்களுக்கு விற்றுக் கொடுப்பதைக் காண்கிறோம். காவலுக்கு ஆள் தேடிய ஊர் தன் விளைச்சலில் ஒரு பங்கையும், கோயிலில் முதல் மரியாதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டது.

அங்குள்ள சாசனம் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. காவல் உரிமை பெற்ற தலைவர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். தமக்குள் சண்டை மூண்டாலும் தம் காவலில் உள்ள ஊர்களை அழிப்பதில்லை. குடிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஊறு செய்வதில்லை. மீறியவன் தனியொருவனாயின் 100 பணம் தண்டம். ஓர் ஊரே மீறினால் 500 பணம். காப்பதாகக் கூலி வாங்கியவர்களே அழிக்கமாட்டோம் என்று கல்லில் எழுதித்தர வேண்டிய நிலை வந்திருக்கிறது பாருங்கள்! உத்தரமேரூரில் சபை விதித்தது. இங்கே காவலரே தமக்கு விதித்துக்கொண்டனர். கண்காணிப்பு கைமாறியதை இதனினும் தெளிவாகக் காட்டும் கல் வேறு உண்டா என அறியேன்.

நாயக்கர் காலத்திற்குப் பின்னும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல் முறை நீடித்தது. அதில் ஒரு வழக்கம் நம் கவனத்திற்குரியது. மாடு களவுபோனால் காவற்காரன் அதனை மீட்டுத்தர வேண்டும். இயலாவிடில் விலையைத் தானே ஈடுசெய்ய வேண்டும். கூலி வாங்குபவன் பொறுப்பும் ஏற்கிறான். முறை அழகியதே. ஆயினும் ஊருக்குள் நடந்த ஸ்தலகாவலுக்கு மேலாகப் பாளையக்காரர்கள் தேசகாவல் என்று பரந்த எல்லைக்குப் பணம் தண்டத் தொடங்கினர். கேட்ட பணத்தைக் கொடாத ஊரில் களவு மிகுந்தது. மாட்டைத் திருப்பித்தரத் துப்புக்கூலி என்று ஒரு தொகை கேட்கும் வழக்கமும் பரவிற்று. பொறுப்பு மறைந்து கூலி மட்டும் எஞ்சியது.

பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் கும்பினியார் தேசகாவலை ஒழித்தனர். 1816-ஆம் ஆண்டின் பதினோராவது சட்டம் கிராமத் தலைவனையே போலீஸ் அதிகாரியாக்கி, தலையாரியை அவன்கீழ் வைத்தது. பழைய ஊர்க்காவலுக்கு அளித்த மதிப்பு என்று இதனைச் சிலர் போற்றுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தலைவனும் தலையாரியும் ஊரில்தான் இருந்தனர். ஆனால் பதில் சொல்லியது கலெக்டர் கச்சேரிக்கு. 1859-ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்திற்குத் தனிப் போலீஸ் படையையே அமைத்துவிட்டது. காணாமற்போன மாட்டின் விலையைக் காவலனிடம் கேட்கும் உரிமைக்குப் புதிய ஏற்பாட்டில் இடமில்லை. மனு எழுதும் உரிமை மட்டும் கிடைத்தது.

1992-ஆம் ஆண்டின் எழுபத்து மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரிய 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. சிறு பாசனம் அதில் இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, சாலை இருக்கிறது. காவல் இல்லை. ஏரி வாரியத்தின் வழித்தோன்றலை அப்பட்டியலில் காணலாம். பாடிகாவலை மட்டும் காண முடியாது. தலையாரி, கிராம உதவியாளர் என்ற பெயரில் வருவாய்த் துறையில் பணிபுரிகிறார். ஊரில் ஆடு களவுபோனால், வாக்குப் பெற்று வந்த ஊராட்சித் தலைவரும் ஆட்டுக்காரரும் ஒன்றாகக் காவல் நிலையத்துக்குச் சென்று, மனுவுடன் ஒரே பலகையில் காத்திருக்கின்றனர்.