கடலுக்குள் போய் வந்த சண்முகர்: முத்துக்கரையில் ஒரு கோயில் கதையின் வரலாறு

திருச்செந்தூர் சண்முகரை டச்சுக்காரர்கள் கவர்ந்து சென்ற கதையைத் தூத்துக்குடிக் கரையில் அறியாதவர் இல்லை. பொன் என்று நினைத்துச் சிலையைக் கப்பலில் ஏற்றுகிறார்கள், புயல் வருகிறது, அஞ்சிக் கடலில் போடுகிறார்கள். மதுரை நாயக்கரின் அதிகாரியாக நெல்லைச் சீமையில் இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் தோன்றி, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்துக்கு மேலே கருடன் வட்டமிடும், அங்கே தேடு என்கிறார். தேடியதும் சிலை கிடைக்கிறது. இதை அற்புதக் கதை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். கட்டுக்கதை என்று ஒதுக்கவும் செய்யலாம். இக்கட்டுரை இரண்டையும் செய்யவில்லை. இந்தக் கதை எந்தச் சூழலில் பிறந்தது, அதன் உறுப்புகள் எங்கிருந்து வந்தன, எதை அது சொல்லாமல் விடுகிறது என்பவையே இங்கே கேள்விகள்.

அலைவாயும் அதன் செல்வமும்

திருச்செந்தூர் பழைய ஊர். திருமுருகாற்றுப்படை அதைத் திருச்சீரலைவாய் என்கிறது. புறநானூற்றிலும் செந்தில் வருகிறது. குன்றுதோறாடும் தெய்வம் இங்கே அலை மோதும் கரையில் நிற்கிறது. இதன் அமைப்பும் வழக்கமானதல்ல. மூலவர் கிழக்கே கடலைப் பார்க்க, 9 நிலை ராஜகோபுரமோ மேற்கே நிற்கிறது. கிழக்கில் கடல் நெருங்கிவிட்டதால் கோபுரத்துக்கு அங்கே இடமில்லை.

கோயிலின் செல்வத்துக்குப் பழைய சான்று 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுண மகாராசனின் கல்வெட்டு. 1,400 பொற்காசுகளை அரசன் முதலாக வைக்கிறான். கொற்கை உள்ளிட்ட ஊர்கள் அதைப் பொறுப்பேற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாகக் கோயிலுக்கு அளக்க வேண்டும். முத்தால் பெயர்பெற்ற கொற்கை, அதற்குள் நெல்லளக்கும் ஊராக இந்தப் பட்டியலில் நிற்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. துறைமுகங்கள் மாறிக்கொண்டே இருந்த கரையில் செந்தில் மட்டும் இடம் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கரையைப் பிடிக்க வந்தவர் கண்ணில் அது முதலில் பட்டது.

1645 முதல் 1654 வரை

1530களில் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர் கத்தோலிக்கம் தழுவி, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். முத்துக்குளிப்பில் போர்ச்சுக்கீசியரின் கை ஓங்கியது. 17ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அவர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, எதிர்க்கரையிலும் கால் பதிக்க விரும்பியது. திருமலை நாயக்கரின் இசைவோடு 1645இல் காயல்பட்டினத்தில் ஒரு பண்டகசாலை எழுந்தது. அது 1648இல் சூறையாடப்பட்டது. பழி தீர்க்க, இலங்கையின் டச்சு ஆளுநர் யான் மாட்சூய்க்கர் காலத்தில், 1649இல் ஒரு கப்பற்படை வந்தது. தூத்துக்குடியைத் தாக்கிய அந்தப் படை, திருச்செந்தூர்க் கோயிலையும் கைப்பற்றியது.

கோயில் மரபு இந்த ஆக்கிரமிப்பை 1646–48 என்கிறது. டச்சு ஆவணங்கள் 1649 என்கின்றன. சிலை மீண்ட காலத்தை மரபு கொல்லம் ஆண்டு 829 என்று குறிக்கிறது, அதாவது 1653–54. தொடக்க ஆண்டில் உள்ள சிறு வேறுபாட்டை விட, இரு தரப்பும் ஒத்துப்போகும் இடமே முக்கியம்: கோயிலுக்குள் டச்சுப்படை இருந்தது. முத்துச் சிலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மேல் யாருக்கு உரிமை என்ற சண்டையில், கோயில் ஒரு பிணையாகப் பிடிக்கப்பட்டது. சண்டை 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததோடு முடிந்தது. அதன் பின்னும் மதுரை நாயக்கருக்கு 96½ 'கல்' உரிமை இருந்தது. கல் என்றால் முக்குளிப்பவர் காலில் கொள்ளும் கல். அந்த எண்ணிக்கையளவு ஆட்கள் அவருக்காக வரியின்றி மூழ்கலாம் என்பது பொருள். இந்தக் கரையில் அரசுரிமையை எண்ணிய அலகே கடலடியில் இறங்கும் ஒரு கல்தான்.

கனவின் இலக்கணம்

இந்தப் பின்னணியில் கதையின் உறுப்புகளைப் பார்ப்போம். கடலடியில் கிடக்கும் ஒன்றை மேலே இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? முத்துக்கரையில் இது அன்றாடக் கேள்வி. சிப்பி விளையும் பார்கள் நீருக்கடியில் இருப்பவை. தொல்லாயிரம் பார் போன்றவை கரையிலிருந்து பல கல் தொலைவில் உள்ளவை. சிலாபத்துக்கு முன்பு பார்களை ஆய்ந்து மிதவைகளால் எல்லை குறிப்பார்கள். கடலோடிகள் கரையின் அடையாளங்களை, கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும், ஒன்றோடொன்று நேர்ப்படுத்திக் கணியம் பார்ப்பார்கள். பறவை வட்டமிடும் இடத்தில் மீன்கூட்டம் இருக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. கனவில் முருகன் சொன்னது வேறென்ன? மிதக்கும் ஓர் அடையாளம், அதற்கு மேலே ஒரு பறவை. மிதவைக்குப் பதில் எலுமிச்சை. கடற்பறவைக்குப் பதில் கருடன். தொழில் அறிவு தெய்வ வாக்காக உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்றே படிக்கத் தோன்றுகிறது.

புயலும் இந்தக் கரைக்குச் சொந்தமான கதைக்கூறு. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில், 1540இல் புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுக்கீசியத் தலைவன் நேர்ந்துகொண்டு, ஒடிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து குன்றில் நட்டான் என்கிறார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா சிலை 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது அங்குள்ள மரபு. டச்சுக்காரர் காலத்தில் கத்தோலிக்கக் கோயில்கள் கைமாறியபோது மாதா சிலையையும் பாதுகாப்பாக வெளியே கொண்டுபோக நேர்ந்தது. 1713இல் புதிய கோயில் எழுந்த பிறகே அது நிலைத்தது. சண்முகரையும் மாதாவையும் இடம்பெயர வைத்தது ஒரே கம்பெனி. இருவருமே திரும்பி வந்தார்கள் என்பதே இரு தரப்பாரும் சொல்லும் முடிவு. கடல் கொண்டுபோகும், கடலே கொண்டுவந்து தரும் என்ற நம்பிக்கைக்கு இங்கே மதப் பிரிவு இல்லை.

சொல்லப்படாத ஒருவர்

கதையில் முருகன் இருக்கிறார். வடமலையப்ப பிள்ளை இருக்கிறார். அவரோடு தோணியில் சென்றவராகக் காயாமொழி ஆதித்த நாடாரையும் மரபு சொல்கிறது. கருடனுக்கும் எலுமிச்சைக்கும்கூடப் பங்கு உண்டு. ஆனால் நீருக்குள் இறங்கியவர் யார்? ஐம்பொன் சிலை தானாக மிதந்து வராது. யாரோ ஒருவர் காலில் கல்லோடு இறங்கி, மூச்சடக்கி, கயிறு பிணைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் முக்குளித்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பரதவரும் காயல்பட்டினம் முதலான ஊர்களின் முஸ்லிம்களும்தான். சண்முகரை முதலில் தொட்டுத் தூக்கிய கை இவர்களில் ஒருவருடையதாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான்; ஆனால் சிலாபத்தின் நடைமுறையோடு பொருந்தும் ஊகம்.

அதற்கு வலுச் சேர்க்கும் இன்னொரு வழக்கமும் உண்டு. சுறா கடிக்காமல் மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' இல்லாமல் அன்று சிலாபம் நடக்காது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, இந்தப் பணியைப் பிராமணர் செய்ததாகவும் கிடைத்ததில் 20இல் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாகவும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சிலாபத்தைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் காலத்திலோ, அந்தப் பணியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரம் பழையது, ஓதுபவரின் மதம் மாறிவிட்டது. மூழ்குபவருக்குச் சுறா வராமல் இருந்தால் போதும்.

சடங்காக நிலைத்தல்

சிலை மீண்ட பிறகு கதை சடங்காக வேரூன்றியது. வடமலையப்ப பிள்ளை தன் பெயரில் மண்டபமும் கட்டளையும் ஏற்படுத்தினார் என்பது கோயில் மரபு. தொலைந்த சிலைக்கு மாற்றாக அவர் வார்ப்பித்த இன்னொரு சண்முகர் பாளையங்கோட்டைக் கோயில் ஒன்றில் எழுந்தருளியிருப்பதாகவும் சொல்வர்.

ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகர் வெளியே வருகிறார். 7ஆம் நாள் சிவப்பு சாத்தி, சிவ அம்சம். 8ஆம் நாள் விடியலில் வெள்ளை சாத்தி, பிரம்ம அம்சம். அன்று நண்பகல் பச்சை சாத்தி, திருமால் அம்சம். பச்சைப் பட்டும் இலையும் மரிக்கொழுந்துமாக அவர் வீதியில் வரும்போது, கூட்டத்தில் முதியவர் யாராவது பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு, 'சாமி கடலுக்குள்ள கிடந்து வந்தவருடா, மேனியில உப்பு அரிச்ச தடம் இருக்கும்' என்று சொல்வதைக் கேட்கலாம். அலங்காரத்தில் தடம் தெரியாது. ஆனால் குழந்தை எட்டிப் பார்க்கும். கதை அடுத்த தலைமுறைக்குப் போவது அப்படித்தான்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கோயிலுக்குச் சேதமின்றிப் போனதும், பழைய கதைக்குப் புதிய அத்தியாயம் சேர்ந்தது. ஆனால் அந்தக் கதை பிறந்த தொழில் நிலைக்கவில்லை: இந்தியப் பகுதியில் பெரிய முத்துச் சிலாபம் 1961ஓடு முடிந்துவிட்டது. கல்லும் கயிறும் போய்விட்டன, கடல்கட்டியும் போய்விட்டார். முக்குளித்தவர்களின் அறிவில் ஒரு துண்டு மட்டும் எலுமிச்சம்பழமாக இன்னும் மிதக்கிறது. அது மிதக்கும் இடத்தில் இறங்கித் தேடினால், சாமியோடு கூடவே பெயரில்லாத ஒரு முக்குளிப்பவரும் கிடைப்பார்.