கடலூர், சிதம்பரம் நகராட்சிகளின் வரி, கடன் அதிகாரம்

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் 1866-லும், சிதம்பரத்தில் 1873-லும் நகராட்சிகள் தோன்றின. வரி வசூலிக்கும் வேலை அப்போதே இவ்வூர்களுக்கு இறங்கிவிட்டது. எவ்வளவு வரி, எவ்வளவு கடன் என்பதில் கடைசிச் சொல் இன்றும் அரசிடமே இருக்கிறது.

தொடக்கம் தாராள மனத்தால் நேர்ந்ததல்ல. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசின் கஜானா வறண்டிருந்தது. ஊர்ச் செலவை ஊரார் தலையில் வைக்க 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் வழிசெய்தது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி மாட்டு வரி, சுங்கம் ஆகியவற்றை நகராட்சி வசூலிக்கலாம்; அந்தப் பணத்தில் போலீஸ் செலவின் ஒரு பங்கையும் அதுவே கொடுக்க வேண்டும். வைசிராய் மேயோ பிரபுவின் 1870 தீர்மானம் சில துறைகளின் நிதிப் பொறுப்பை மாகாணங்களுக்கு மாற்றியது. பின்னர் வைசிராயான ரிப்பன் பிரபுவின் 1882 உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை மாகாணத்தின் மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது.

1914-இன் உள்ளாட்சிக் கடன் சட்டம், நகராட்சி தன் வருவாயை ஈடுகாட்டிக் கடன் வாங்க இடம் தந்தது. ஆனால் அரசின் அனுமதி வேண்டும்.

1920-இன் நகராட்சிச் சட்டம் வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி விலக்கு அளித்தது. நான்கு வீதிகளும் நடராசர் கோயிலைச் சுற்றியே அமைந்த சிதம்பரத்தில், ஊரின் நடுப்பகுதியே வரிக்கு வெளியே நின்றது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், எந்த வரியை ஊருக்குத் தருவது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டது. வருவாய்ப் பகிர்வைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையம் வந்தது. தொழில் வரியை அரசியல் சட்டமே ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகவிடவில்லை.

2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமல், இந்நகரங்களைத் தனி அலுவலர்களே நடத்தினர். இடையில், 2021-இல் கடலூர் மாநகராட்சியானது. 2022 மார்ச்சில் புதிய மன்றங்கள் பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள், மாநிலம் முழுவதற்கும் சொத்து வரி உயர்வை அரசு அறிவித்தது: இவ்வூர்களில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு. ஒன்றிய நிதி ஆணையத்தின் மானிய நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது.

மாநிலத்துக்கும் இதே கட்டு உண்டு. ஒன்றிய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும் வரை, அதன் ஒப்புதலின்றி மாநிலம் புதுக்கடன் வாங்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவு.