ஆங்கிலக் கல்வியும் நம் சமுதாயமும்

1894-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றையடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியொன்றை நிறுவினார். அதனைத் தொடர்ந்து மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையார் முதலியோர் அவற்றில் தொண்டாற்றினர். தமிழோடும் கணக்கோடும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. ஆயினும் அக்கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது; வெள்ளையர் இல்லங்களில் பணிபுரியப் போதுமான ஆங்கிலமே பெரிதும் குறிக்கோளாயிற்று. அத்தொண்டை நன்றியுடன் நினைப்போம். அதன் எல்லையையும் மறவோம்.

அதற்கு முன்பே நம் கோவையில் பயின்றவர் இரட்டைமலை சீனிவாசன். சாதி வெளிப்பட்டுவிடுமென அஞ்சி, உடன் பயில்வோருடன் நெருங்காமல் ஒதுங்கியிருந்ததை 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே குறித்துள்ளார். அவ்வாறு கற்ற கல்வியே 1893-இல் 'பறையன்' இதழை நடத்தவும், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நமக்காக வாதாடவும் துணைநின்றது. ஏவலைக் கேட்க ஒரு மொழி. உரிமையைக் கேட்கவும் அதே மொழி!

2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலைதோறும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அயலார் வரட்டுமெனக் காத்திராமல் நம்மவரே கற்பிக்க இயலும் என்பதற்கு இது சான்று.

சாமளாபுரம் வட்டாரத்தில் விசைத்தறி ஓசைக்கிடையே வளரும் பிள்ளைகளும், பெற்றோரை இழந்து இல்லங்களில் வாழும் பிள்ளைகளும் நம் பொறுப்பே. பட்டம் பெற்ற இளைஞர்களே! வாரம் இரண்டு மாலைகளை அவர்களுக்கு அளியுங்கள். பணிவுச் சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். விண்ணப்பம் எழுதவும், ஒப்பந்தத்தைப் படித்துணர்ந்தபின் கையொப்பமிடவும், சபையில் எழுந்து கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.