சட்டைப்பைக்குள் அடங்கிய படைக்கலம்

படைக்கலங்களின் வரலாறு கூறுவோர் பெரும்பாலும் பீரங்கியிலும் கோட்டையிலும் கப்பற்படையிலுமே நின்றுவிடுவர். அரசுகளைக் கவிழ்த்தவை அவை என்று கொள்வது இயல்பே. ஆயினும், ஏறக்குறைய நான்கு கோழிமுட்டைகளின் நிறையே கொண்டு, உள்ளங்கையில் அடங்கி, சட்டைப்பையில் மறைந்து கிடக்கத்தக்க ஒரு சிறு கருவி, ஒரு பெருநாட்டின் தலைவரை ஒரு நொடியில் வீழ்த்திய வரலாறும் உண்டு. அக்கருவி கொலைக்கென ஆக்கப்பட்டதன்று. அஞ்சி வாழ்ந்த மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு விரும்பி வாங்கியது அது. காவலுக்கு வேண்டப்பட்ட சிறுமையே வஞ்சனைக்கும் உதவியமைதான் இக்கதையின் உட்பொருள்.

துப்பாக்கி தோன்றிய காலத்தில் அதனை மறைத்து வைத்தல் இயலாத செயலாக இருந்தது. எரிகின்ற திரியொன்றைக் கொண்டே மருந்துக்குத் தீயிட வேண்டியிருந்தது. புகைந்துகொண்டிருக்கும் கயிற்றை மேலங்கியின் உள்ளே வைத்திருப்பவன் எவன்? பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரப்பொறி என்னும் அமைப்பு ஐரோப்பாவிற் பரவியது. முறுக்கி வைத்த உருக்குச் சக்கரம் விசை தட்டியதும் சுழன்று, கந்தகக் கல்லின் மீது உராய்ந்து பொறி எழுப்பும். திரியும் இல்லை, புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. மருந்தும் குண்டும் இட்டு ஆயத்தமாக்கிய துப்பாக்கியை ஆடைக்குள் வைத்து அரசவைக்குள்ளும் நடந்து செல்லலாம் என்ற நிலை அன்றே பிறந்தது. இதன் பொருளை ஆள்வோர் விரைவில் உணர்ந்தனர். மாக்சிமிலியன் பேரரசர் 1517 ஆம் ஆண்டிலேயே இப்பொறியமைந்த துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தார்.

தடை பயன்பட்டதா என்பதற்கு 1584 ஆம் ஆண்டு விடை கூறுகிறது. அவ்வாண்டு யூலை 10 ஆம் நாள், ஒல்லாந்தரின் விடுதலைப் போரை நடத்திய ஒரேஞ்சு இளவரசர் வில்லியம், டெல்ப்ட் நகரில் தம் மாளிகையிலேயே பல்தசார் ஜெரார் என்பவனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். வறியவன்போல் நடித்த அவனுக்கு இளவரசர் இரங்கி அளித்த பணமே அத்துப்பாக்கிகளின் விலையாயிற்று என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் எலிசபெத் அரசியின் அரசாங்கம் மறைத்து வைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளைக் கண்டித்து ஆணைகள் பிறப்பித்தது.

எனினும் சக்கரப்பொறி விலை மிகுந்தது. கைதேர்ந்த கொல்லனன்றிப் பிறர் செய்ய இயலாதது. பின்னர் வந்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மலிவானது. ஆனால் சட்டைப்பைக்கு ஏற்றதன்று. கல்லைப் பிடித்து நிற்கும் கொக்கி துணியில் மாட்டும். கிண்ணத்திலிட்ட மருந்து சிந்தும், மழைக்காலத்தில் நனையும். இக்குறையைத் தீர்க்க வழிகண்டவர் ஒரு போர்வீரரல்லர். ஸ்கொத்லாந்து நாட்டில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் மதகுருவான அலெக்சாந்தர் போசைத் என்பவர். பறவை வேட்டையில் நாட்டமுள்ள அவர், கல்லின் பொறியைக் கண்டதும் பறவைகள் குண்டு சேருமுன்னரே பறந்துவிடுதலைக் கண்டு மனம் நொந்தார். தட்டினால் வெடிக்கும் இரசாயனத் தூளைக் கொண்டு மருந்துக்குத் தீயிடும் முறையை அவர் வகுத்து, 1807 இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பின்வந்தோர் அத்தூளைச் சிறு செப்புக் குமிழில் அடைத்தனர். குமிழ் மழைக்கும் அஞ்சாது. பைக்குள் புரண்டாலும் பெரும்பாலும் கெடாது. பறவைகளுக்காகத் தேடிய வழி வேறு பலவற்றுக்கும் வழியாயிற்று.

இவ்வழியை நன்கு பயன்படுத்தியவருள் தலையாயவர் ஹென்றி டெரிஞ்சர். 1786 இல் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரிற் பிறந்த அவர், பிலடெல்பியாவிற் பட்டறை நிறுவி, அமெரிக்க அரசாங்கத்துக்கு நீள்துப்பாக்கிகள் செய்தளித்துப் பெயர் பெற்றவர். ஆனால் அவர் பெயரை உலகறியச் செய்தவை படைக்கென ஆக்கியவையல்ல. தனி மனிதரின் பைக்கென ஆக்கிய சிறு கைத்துப்பாக்கிகளே. வாதுமைக் கட்டையில் வளைந்த பிடி. வெள்ளிபோல் மின்னும் உலோகப் பூண். குறுகிய ஒற்றைக் குழல். குழலின் உள்ளே குண்டைச் சுழலச் செய்யும் புரிவரிகள். புகழ்பெற்ற ஒரு டெரிஞ்சரின் முழு நீளம் ஆறு அங்குலத்திற் குறைவு. நிறை ஏறக்குறைய 8 அவுன்சு.

வாங்குவோர் எதிர்நின்ற தெரிவு எளியதன்று. அக்காலத்திலேயே சாமுவேல் கோல்ட் என்பவரின் சுழல் துப்பாக்கி வந்துவிட்டது. அவரது 1849 ஆம் ஆண்டுச் சட்டைப்பை வகை, ஒருமுறை நிரப்பினால் ஐந்து முறை சுட வல்லது. ஆயின் அது டெரிஞ்சரைப் போல் இரண்டு மூன்று மடங்கு நிறையுள்ளது; உள்ளங்கிப் பையில் இட்டால் புடைத்து நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அதன் குண்டும் சிறிது. டெரிஞ்சரோ ஒரே குண்டு. ஆனால் பருத்த குண்டு. அதனாலேயே அவை பெரும்பாலும் இணையாக விற்கப்பட்டன. முதற்குண்டு தவறினால் மறுகையில் இன்னொன்று வேண்டுமல்லவா? குழல் குறுகியதாகையால் சில அடிகளுக்கு அப்பால் குறி தப்பும். சூதாட்ட மேசையின் அகலம், படகு ஒன்றின் அறை, வண்டியின் உட்புறம் — இத்துணைத் தொலைவுக்கே அது உரியது. எதிரியின் முகத்தைக் கண்டு சுடும் கருவி என்று அதனைக் கூறலாம். முதுகைக் கண்டு சுடுதற்கும் அது தடை சொல்லவில்லை.

இவ்வேற்றுமையை அமெரிக்கச் சட்டம் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தது. கெந்தக்கி, லூயிசியானா ஆகிய இரு மாநிலங்களும் 1813 ஆம் ஆண்டில் படைக்கலத்தை மறைத்து வைத்திருத்தலைக் குற்றமாக்கின. நேயர்கள் கவனிக்கவேண்டியது, வெளிப்படையாக ஏந்திச் செல்வதை அச்சட்டங்கள் தடுக்கவில்லை என்பதாகும். இடுப்பில் தெரியத் தொங்கவிட்டவன் ஆண்மையாளன். அங்கிக்குள் ஒளித்தவன் வஞ்சகன் என்பதே அக்காலத்தோர் எண்ணம். 1850 இல் லூயிசியானாவின் உயர்நீதிபதிகள் ஏறத்தாழ இக்கருத்தையே தீர்ப்பிலும் எழுதினர். ஆயினும் பொன் தேடிக் கலிபோர்ணியாவுக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடிய அந்நாள்களில், காவலர் இல்லாத இரவுகளில் தெருவில் நடப்பவனுக்கு நீதிபதிகளின் சொல் துணையாகத் தோன்றவில்லை. டெரிஞ்சரின் பட்டறையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் துப்பாக்கிகள் சென்றவண்ணம் இருந்தன.

அங்கு 1855 ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த ஒரு கொலை, மறைந்த படைக்கலம் நீதிக்கு விளைக்கும் இடரை விளக்கும். சார்ள்ஸ் கோரா என்னும் சூதாடி, அரசாங்க அதிகாரியான வில்லியம் றிச்சட்சன் என்பவரை டெரிஞ்சரால் சுட்டுக் கொன்றான். நாடகக் கொட்டகையில் இருக்கை பற்றி எழுந்த சிறு பூசலே காரணம். வழக்கு மன்றில் எழுந்த கேள்வி, இறந்தவரும் தம் துப்பாக்கியை எடுத்தாரா என்பது. அவரும் ஆயுதம் வைத்திருக்கும் வழக்கமுடையவர். பைக்குள் இருந்ததையும் கைக்கு வந்ததையும் சாட்சிகள் எங்ஙனம் துணிந்து கூறுவர்? யூரிமார் ஒருமனப்படவில்லை. மறுவிசாரணைக்கு முன்னரே, 1856 மே 22 இல், சட்டத்தைத் தம் கையிலெடுத்த நகரத்தார் கூட்டம் கோராவைத் தூக்கிலிட்டது.

கோராவுக்காக வாதாடிய வழக்கறிஞர் எட்வேட் பேக்கர் என்பவர். இலினொய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனின் உற்ற நண்பராயிருந்தவர் அவர். லிங்கன் தம் இரண்டாம் மகனுக்கு இட்ட பெயரும் அவர் பெயரே. பேக்கர் 1861 இல் உள்நாட்டுப் போரில் மடிந்தார். தம் கட்சிக்காரன் கையில் இருந்ததை ஒத்த சிறு கருவியொன்று தம் நண்பரைத் தேடி வருதலைக் காண அவர் இருக்கவில்லை.

1865 ஏப்ரில் 14 ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை இரவு. வாஷிங்டன் நகரின் போட் நாடக அரங்கில் லிங்கன் மனைவியுடன் மேல்மாட அறையொன்றில் அமர்ந்திருந்தார். போர் முடிவுக்கு வந்துவிட்டது. நகரம் மகிழ்ச்சியில் திளைத்திருந்தது. ஜோன் வில்க்ஸ் பூத் புகழ்பெற்ற நடிகன்; அரங்கின் எந்த வாயிலும் அவனுக்குத் திறந்திருந்தது. பெரிய துப்பாக்கி ஒன்றைத் தாங்கி வந்திருப்பானாயின் யாரேனும் நின்று வினவியிருக்கக்கூடும். அவன் கொணர்ந்தது 0.44 அங்குலக் குண்டிடும் டெரிஞ்சர் ஒன்று. இரவு பத்தேகால் மணியளவில், அவையோர் நகைக்கும் தருணம் பார்த்துப் பின்னின்று தலையிற் சுட்டான். ஒரே குண்டுதான்; அத்துடன் அத்துப்பாக்கி வெறும் கட்டையாயிற்று. தன்னைப் பற்ற வந்த மேஜர் ரத்போனைப் பூத் கத்தியால் வெட்டியதற்குக் காரணம் அதுவே. சிறுமைக்காகக் கொடுத்த விலையை அறிந்தே அவன் கத்தியும் கொண்டுவந்திருந்தான் போலும். துப்பாக்கி அறையின் தரையிற் கிடந்தது. மறுநாட் காலை 7 மணி 22 நிமிடத்துக்கு லிங்கனின் உயிர் பிரிந்தது.

எழுபத்தொன்பது வயதை எட்டவிருந்த ஹென்றி டெரிஞ்சர் அப்போது உயிருடனிருந்தார். அவரை வேறொரு துன்பமும் வாட்டிக்கொண்டிருந்தது. அவரது துப்பாக்கியின் புகழைக் கண்டு பலர் அதனைப் போலவே செய்து, ‘டெரிஞ்சர், பிலடெல்பியா’ என்று அவர் பொறிக்கும் முத்திரையையும் பொறித்து விற்கலாயினர். அவரிடம் வேலை பயின்றோரும் அதில் ஈடுபட்டனர். ஜோன் டெரிஞ்சர் என்ற பெயருடைய தையற்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, துப்பாக்கித் தொழில் அறியாத அவர் பெயரையே முத்திரையாகக் கொண்ட கூட்டமும் உண்டு. கேட்போர்க்கு நகைப்பூட்டும் சூழ்ச்சி, பறிகொடுத்தவர்க்கு நகைப்பன்று. முதியவர் சான் பிரான்சிஸ்கோ வணிகரான பிளேற் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். மாநிலச் சட்டப்படி முத்திரையைப் பதிவு செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு வாதித்தது. கலிபோர்ணிய உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வணிக முத்திரையின் உரிமை சட்டசபை அளித்த கொடையன்று, வழங்கிவரும் பொதுச் சட்டத்திலேயே அது வேரூன்றியது என்று தீர்த்தது. முத்திரைச் சட்டம் பயில்வோர் இவ்வழக்கை அறிவர்.

வழக்கில் வென்றாரெனினும் பெயரை மீட்டாரல்லர். கொலைச் செய்தியை வெளியிட்ட பத்திரிகைகள் அவர் பெயரில் ‘ஆர்’ என்னும் எழுத்தை இரட்டித்து எழுதின. போலி செய்தோரும் அவ்வெழுத்துக் கூட்டலை வசதியாக ஏற்றனர். 1868 இல் அவர் இறந்தபின் அது எவர்க்கும் உரியதல்லாத பொதுப் பெயராயிற்று. பையில் மறையும் சிறு துப்பாக்கி எதுவாயினும் ‘டெரிஞ்சர்’ என்றே ஆங்கில அகராதிகள் கூறும். எழுத்தும் இரட்டித்தே நிற்கும்.

பின்வந்த கதையைச் சுருங்கக் கூறலாம். றெமிங்டன் நிறுவனம் 1866 முதல் 1935 வரை இரட்டைக் குழல் கொண்ட சிறு துப்பாக்கியை ஆக்கி ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்றது. டெனசி மாநிலம் 1879 இல் படையினர்க்குரிய பெரிய வகைகளைத் தவிர மற்றைக் கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. பெரியவை விலையும் பெரியவை. எனவே அடிமை நீங்கிய ஏழைக் கறுப்பின மக்களுக்கே அத்தடை மிகுதியும் தடையாயிற்று என ஆராய்ச்சியாளர் காட்டுவர். நியூயோர்க் மாநிலம் 1911 இல் இயற்றிய சட்டம், மறைக்கத்தக்க அளவினவான துப்பாக்கிகளுக்கு உரிமச் சீட்டு வேண்டுமென்றது.

நிறையைக் குறைக்கும் முயற்சி ஓயவில்லை. 1950 இல் கோல்ட் நிறுவனம் அலுமினியக் கலவையாற் செய்த ‘கோப்ரா’ என்னும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. உருக்கினும் இலேசான அது நாள் முழுதும் அணிந்து திரிவோர்க்கு உவப்பாயிற்று. 1963 நவம்பர் 24 ஆம் நாள், கெனடி கொலைக்குப் பிடிபட்ட ஒஸ்வால்டை, டலஸ் நகரக் காவல் நிலையத்தின் அடித்தளத்தில் காவலரும் நிருபரும் சூழ்ந்து நிற்க, ஜாக் ரூபி என்பவன் நெருங்கிச் சுட்டது அவ்வகையால். தொலைக்காட்சியிற் கண்டோர் பலரும் சுடும் வரை துப்பாக்கியைக் கண்டிலர்.

2008 இல் றூகர் நிறுவனம் வெளியிட்ட எல்.சி.பி. என்னும் துப்பாக்கியின் பிடி வன்பிளாஸ்திக்கால் ஆனது. வெறுமையாய் நிறுத்தால் 9.4 அவுன்சு. டெரிஞ்சரின் நிறையை விட ஒன்றரை அவுன்சே கூடுதல், குண்டுகளோ ஏழு. எனினும் இலேசான துப்பாக்கி கையை ஓங்கி உதைக்கும். குறுங்குழல் குறியைக் கெடுக்கும். சிறு பிடியிற் சுண்டுவிரல் தங்க இடமில்லை. பிலடெல்பியாப் பட்டறையின் முன் நின்றவன் எண்ணிப் பார்த்த கணக்கையே இன்று வாங்குபவனும் எண்ணுகிறான்.

சட்டமோ திசை மாறிற்று. நியூயோர்க்கின் பழைய உரிமச் சட்டம், தக்க காரணம் காட்டியவர்க்கே மறைத்து ஏந்தும் உரிமை என்று வைத்திருந்த விதியை, 2022 யூன் 23 ஆம் நாள் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் நீக்கியது. 2024 அளவில் 29 மாநிலங்கள் உரிமச் சீட்டே இன்றித் துப்பாக்கியை மறைத்து ஏந்த இசைந்தன. 1813 இல் முதன்முதல் தடைவிதித்த இரண்டும் அவற்றுள் அடங்கும்: கெந்தக்கி 2019 முதல், லூயிசியானா 2024 யூலை 4 ஆம் நாள் முதல். பூத் எறிந்துவிட்டுச் சென்ற டெரிஞ்சர், சுட்ட இடத்துக்குச் சில அடிகள் கீழே, போட் அரங்கின் அரும்பொருட்காட்சிச் சாலையில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. காண வருவோர் பலர், இத்துணைச் சிறியதா என்று கேட்டுச் செல்வர்.