தாங்காப் போரும் தேனீக் கதையும்

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 நவம்பர்த் திங்கள், செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காத் துறைமுகத்தைக் கைப்பற்ற ஆங்கில அரசு ஒரு படையை விடுத்தது. இன்று தாங்கா தான்சானியா நாட்டைச் சார்ந்தது. மேஜர் ஜெனரல் எயிட்கனின் தலைமையில் பம்பாயிலிருந்து கடல் கடந்த அப்படையில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. அதில் தமிழரும் பணிபுரிந்தனர். அப்போரினைத் 'தேனீப் போர்' என்றே வழங்குவாரும் உளர்.

நவம்பர் 4ஆம் நாள் தோப்புகளினூடே படை முன்னேறியது. அங்கு மரங்களில் தேன்கூடுகள் இருந்தன. குண்டுகள் பாய்ந்து கூடுகள் கலைந்தன. ஒரு தேனீ கொட்டுங்கால் கொடுக்கிலிருந்து எழும் மணம் பிறவற்றை அவ்விடத்திற்கே ஈர்க்கும். ஓடுவோரையும் அவை நெடுந்தொலைவு தொடரும். ஆப்பிரிக்கத் தேனீயோ இவ்வியல்பில் ஏனையவற்றினும் கடுமை மிக்கது. 98ஆம் படையினர் அவற்றின் தாக்குதலால் நிலைகுலைந்தனர்.

இக்கூடுகளில் கம்பி கட்டிச் செருமானியர் சூழ்ச்சி செய்தனர் என்று பின்னர் ஒரு கதை எழுந்தது. அது பொருந்தாது. செருமானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் தம் படையின் ஒரு பிரிவைச் சேர்ந்த இயந்திரத் துப்பாக்கிகளும் அதே தேனீக்களால் உரிய வேளையில் பயனற்றுப் போயின எனத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். சூழ்ச்சி செய்தவர் தாமே அதில் அகப்படுவரோ? தோற்றோர்க்கு ஆறுதலாகவே அக்கதை பரவியது எனக் கொள்ளலாம்.

ஈண்டு நம் கருத்திற்குரியது மற்றொன்று. பாளையங்கோட்டைப் படை பின்வாங்கியது மெய்யே. ஆயின், அதற்குக் காரணம் பகைவரின் இயந்திரத் துப்பாக்கி, தேனீ அன்று. பல நாள் கப்பலில் நெருக்குண்டு வந்தோரை, நிலத்தை ஆராயாமலும் எதிரியின் வலிமையை அறியாமலும் போர்முனைக்கு விடுத்த தலைமையின் பிழை அதனினும் பெரிது. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படை, ஏறத்தாழ 1,000 பேரிடம் தோற்றுக் கரையை விட்டகன்றது. மாண்டோரும் புண்பட்டோரும் காணாமற் போனோருமாக 800க்கு மேற்பட்டோரை அது இழந்தது. இருவேறு படைப்பிரிவுகளுக்கு நேர்ந்தவற்றை ஒன்றாக்கி, 'தேனீக்கு அஞ்சி ஓடினர்' என எள்ளுதல் சான்றுக்கு ஒவ்வாது. தலைமையின் பிழை எயிட்கனைச் சும்மா விடவில்லை. அவருக்கு மீண்டும் போர்க்களத் தலைமை அளிக்கப்படவில்லை.